மதிக்குட்டிக்கு நான்தான் தாய்மாமன்

ஜனவரி 8, புதன்

புது டைரி. பள்ளிக்கூடத்துக்குப் பந்தும் வலையும் கொண்டுவந்து போடுகிறவர் வருஷாவருஷம் கொடுப்பார். நான் பொங்கல் வரை எழுதிவிட்டு அலமாரியில் போட்டுவிடுவேன். இந்த வருஷம் அப்படி விட முடியாது. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் மெஹரின். வலியை மட்டும் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்தார்கள். அத்தோடு தொலைந்தது சனியன் என்று கிரவுண்டுக்குத் திரும்பி விசில் ஊதிக்கொண்டிருந்தேன். போன மாதம் முதுகுவலி என்று போனால், ஸ்கேன் எடுத்துவிட்டு, அது எலும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்கிறார்கள். முதுகெலும்பில், விலாவில், வலது தொடை எலும்பில். கம்ப்யூட்டரில் டாக்டர் காட்டினார். என் எலும்புக்கூட்டை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல உயரம்.

"முழுசா போக்க முடியாதுங்க டீச்சர். ஆனா அடக்கி வச்சுக்கலாம். மாத்திர போட்டுக்கிட்டு வேலைக்குப் போறவங்க என்கிட்ட நெறயப் பேரு இருக்காங்க" என்றார்.

எத்தனை வருஷம் என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்டார். அதை நான் சொன்னால் பொய்யாகிவிடும் என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. இவருக்குப் பிடிக்கவில்லை. வீடு வரும்வரை பைக்கை இருபதிலேயே ஓட்டினார்.

வலி: தொடையில் கொஞ்சம். இரவு சேமியா உப்புமா.

ஜனவரி 11, சனி

மதுரையிலிருந்து கயல் பேசினாள். என் தங்கை. அப்பா ஆசையாக வைத்த பெயர் அங்கயற்கண்ணி, அதை முழுசாகக் கூப்பிட அவருக்கே நேரம் கிடைக்கவில்லை. மதிக்குட்டிக்கு மொட்டை போட்டுக் காது குத்த மார்ச் ஒன்பதாம் தேதி குறித்தாகிவிட்டதாம். நத்தம் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில்.

"தாய்மாமன் மடிக்கு என்னடி பண்ணப்போற? கதிரேசன் அண்ணனக் கூப்புட்டியா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. நானும் அவளும்தான். பெரியப்பா மகன் கதிரேசன் அண்ணன் திருப்பூரில் இருக்கிறார்.

"அவரு எதுக்கு? நீதான் உக்காரணும்."

"நான் பெரியம்மாடி."

"பெரியம்மாவும் நீதான், மாமனும் நீதான். சின்னதுல என்னைய எவன் கிண்டல் பண்ணாலும் நீதான போயி அடிச்சுட்டு வருவ. இப்ப மட்டும் என்னா பொம்பளயாகிட்ட?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வலது தொடையைத் தடவிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இவரிடம் சொன்னேன். "கயலுக்கு விஷயத்தச் சொல்லிட்டியா?" என்றார். இல்லை. கயலுக்கு எதுவும் தெரியாது. கால்சியம் கம்மி, அதனால் முதுகுவலி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

கால்சியம் கம்மி என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இந்தத் தெரு என்னைப் படுத்துகிற பாடு. எதிர்வீட்டு ரெஜினா அக்கா இன்றைக்கும் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். பின்தெருவிலிருந்து பிரண்டைத் துவையல். தலைமையாசிரியை வீட்டு மரத்து முருங்கைக்கீரை ஒரு பை. கயல் கேழ்வரகு மாவு கூரியரில் அனுப்பியிருக்கிறாள். இந்த வேகத்தில் போனால் எனக்குக் கூடுதலாக ஒரு எலும்பு முளைத்துவிடும்.

இவருக்கு சூப் பிடித்துப்போய்விட்டது. ரெஜினா அக்கா திரும்பியதும் டம்ளரைப் பார்க்கிறார்.

ஜனவரி 20, திங்கள்

தொடைக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்தார்கள். மதுரைக்குப் போய் வருவதுதான் வேலை, கரண்டு வைப்பது ஒன்றுமில்லை. படுத்துக்கொண்டு மேலே இருக்கிற லைட்டைப் பார்க்க வேண்டியதுதான். கயல் வீடு அங்கிருந்து இரண்டு ஸ்டாப். போகவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எழுதி வைக்கிறேன். போன தடவை எனக்குக் கீமோ நடந்தபோது கயல் குழந்தைக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரியில், ஊசி மேல் ஊசி. எனக்கு இப்படி என்று கேட்டதும் அதைப் பாதியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். வாந்தி அள்ளினாள், தலை வழித்துவிட்டாள், ரசம் வைத்தாள். அந்த முறை கரு தங்குகிற வாய்ப்பு போயிற்று. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மறுபடி எல்லாம் செய்து மதி பிறந்தாள்.

இப்போது சொன்னால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். காதுகுத்தைத் தள்ளிவைப்பாள். இல்லாவிட்டால் நடத்துவாள், நடத்திக்கொண்டே என்னைப் பார்த்து அழுவாள். எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும். அன்றைக்கு நான் தாய்மாமன். நோயாளி இல்லை.

ஜனவரி 27, திங்கள்

பயிற்சி ஆரம்பம். எந்தப் போட்டிக்கும் முன்னால் தயாராக வேண்டும் என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். மதி பன்னிரண்டு கிலோ என்று கயல் சொன்னாள். இவர் வேலைக்குப் போனதும் ஐந்து கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. படித்த செய்திகள்தான் சரியில்லை.

ஜனவரி 31, வெள்ளி

அரிசிப் பையோடு ஒரு கேழ்வரகு மாவுப் பொட்டலமும். பரவாயில்லை. சாயங்காலம் தொடை கடுத்தது. அது கிரவுண்டில் நின்றதால் இருக்கும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

இவர் கறி வாங்கப் போனவர், பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் நாற்காலியில். மடியில் பத்து கிலோ மூட்டை, குத்தக்கூடாது என்று அதைத் துண்டில் சுற்றி, ஒரு கையால் அணைத்தபடி. வாசலிலேயே நின்றார்.

"கோதை, யாரு இது?"

"மதி."

வந்து மூட்டையைத் தூக்கிச் சமையலறையில் வைத்தார். துண்டை உதறி மடித்தார். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். நன்றாக நரைத்துவிட்டது. மை போடச் சொல்ல வேண்டும்.

கறி வாங்கப் போகவில்லை. முட்டைக் குழம்பு.

பிப்ரவரி 8, சனி

மாத ஊசி. இவர் டாக்டரிடம் அரிசி மூட்டைக் கதையை அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு எரிச்சல். டாக்டர் மெஹரின் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அரிசி மூட்ட ஒதைக்குமா டீச்சர்?"

"ஒதைக்காது."

"கொழந்த ஒதைக்கும். காதுல ஊசி எறங்குறப்ப உங்க தொடையில முட்டி போட்டு எகிறும். அந்த எலும்புல நடுவுல அரிச்சிருக்கு. கரண்டு வச்சது கெட்டிப்பட மாசக்கணக்கு ஆகும். ஒடஞ்சா கம்பி வச்சு ஆப்ரேஷன் பண்ணணும், நடக்க நாளாகும். வேணாம்னு சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்பச் சரியா செய்யிங்க. தரையில மணையெல்லாம் ஆகாது, சாய்மானம் வச்ச நாற்காலி. பிள்ள எடது பக்கம்தான், வலது தொடையில படவே கூடாது. ரெண்டு காலையும் ஒருத்தர் இறுக்கிப் பிடிக்கணும். அவங்களுக்கு உண்மை தெரிஞ்சிருக்கணும். ஏன் பிடிக்கிறோம்னு தெரியாதவங்க, பிள்ள அழுதா பாவம்னு விட்டுருவாங்க."

நான் பிடிக்கிறேன் என்றார் இவர். ஊசியைக் கண்டாலே இவருக்குக் கண் இருட்டும். இன்றைக்கு எனக்கு ஊசி போட்டபோதுகூட வெளியே போய் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர். அதைச் சொல்லி நான் சிரித்தேன், டாக்டரும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் கயல்தான் பிடிக்க வேண்டும். கயலிடம் சொல்ல வேண்டும்.

சொல்லலாம். இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கயலும் மதியும் வந்துவிட்டுப் போனார்கள். என்னைக் கண்டால் ஓடிவந்து மேலே விழுகிற பிள்ளை, இன்றைக்கு வாசற்படியில் நின்றுகொண்டு, "பெரியம்மா மேல குதிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றது. கயல் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கிறாள். மூன்று வயசுக்கு அந்த ஒழுங்கு அதிகம்தான்.

பட்டுப்பாவாடை, கம்மல், தட்டில் வைக்கிற சீர் எல்லாம் காட்டினேன். தாய்மாமன் சீர் குறைவாக இருந்தது என்று எந்த வாயும் சொல்லக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. கயல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அப்படியே திரும்ப வைத்தாள். கோயில் மலைமேல் இருக்கிறதே, படி எத்தனை என்று கேட்டேன். விசேஷத்தை அடிவாரத்து மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பூசாரி சொல்லிவிட்டாராம். வேனுக்குப் பதில் எனக்கு மட்டும் கார் வருமாம். வேன் ரொம்பக் குலுக்கும் என்றாள். நல்லதுதான். எனக்கு வேலை மிச்சம்.

பிரண்டைத் துவையல் கொடுத்தேன். "கால்சியத்துக்கு நல்லதுல்ல" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மதி ரிமோட்டைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டது. அதோடு போயிற்று.

பிப்ரவரி 20, வியாழன்

ஸ்போர்ட்ஸ் டே. பதினைந்து வருஷமாக வெயிலில் ஓடிக்கொண்டே நடத்தியதை இன்றைக்குக் குடைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நடத்தினேன். உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. ரிலேயில் எட்டாம் வகுப்பு மூன்றாவது ஆள் எப்போதும் கோட்டுக்கு வெளியே கை நீட்டுகிறாள். இத்தனை நாள் அதை நான் பார்த்ததே இல்லை. நாற்காலி மோசமில்லை.

மாத்திரையால் வாயெல்லாம் புண். மோர் குடித்தேன். மற்றபடி நல்ல நாள், உண்மையாகவே நல்ல நாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. தொடை இல்லை, முதுகு. இவர் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனார். வலி மாத்திரை போட்டுப் பதினோரு மணிக்குச் சரியாயிற்று. சரியானதும் எனக்கு வந்த முதல் கோபம் என் மேல்தான். ஒரு நாள் சந்தோஷத்துக்காகப் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கால் உடைந்தால் எனக்கு உடையட்டும், கம்பி வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து மதி விழுந்தால்? கயல் அத்தனை ஊசி போட்டுப் பெற்ற பிள்ளை.

கதிரேசன் அண்ணனுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. என்ன சொல்வது?

மார்ச் 8, சனி. நத்தம்

லாட்ஜில் எங்களுக்கும் கயலுக்கும் பக்கத்துப் பக்கத்து ரூம். மாப்பிள்ளை பந்தல்காரரைப் பார்க்கப் போனார், இவர் மதியைப் பலூன் வாங்கக் கூட்டிப் போனார். கயல் என் கட்டிலில் உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"கயலு, எனக்குக் கால்சியம் கம்மி இல்லடி."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"முதுகு, விலா, வலது தொட. டிசம்பர்லயே அத்தான் சொல்லிட்டாரு. ஸ்கேன் எடுத்த அன்னைக்கி சாயந்தரமே."

இவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. "பின்ன ஏண்டி கேக்கல?"

"நீயா சொல்லட்டும்னுதான். எத்தன நாளு தெரியுமாக்கா? தெனமும் போன எடுக்கிறப்ப இன்னைக்குச் சொல்லிருவா, இன்னைக்குச் சொல்லிருவானு. நீ முருங்கக்கீரைப் பொரியலப் பத்தி அர மணி நேரம் பேசுற." ஊக்கை விரலில் குத்திக்கொண்டாள். விரலை வாயில் வைத்தபடியே சொன்னாள்: "என்னைய ஒதுக்கிட்டயோனு இருந்துச்சு."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குப் பாரம் தரக்கூடாது என்று நான் நினைத்தேன். அவள் தனியாக அதே பாரத்தை இத்தனை நாள் சுமந்திருக்கிறாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஏமாற்றிக்கொண்டு கேழ்வரகு மாவு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"தெரிஞ்சும் எதுக்குடி என்னைய மடிக்கு உக்காரச் சொன்ன?"

"உனக்கு முடியாமப் போச்சுனு நெனச்சா சொல்லுவனா? எனக்கு நீதான் வேணும். எப்படி உக்காரணும்னு மட்டும் சொல்லு."

இது எனக்குத் தெரிந்த வேலை. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையணையைப் பிள்ளையாக்கி, நாற்காலியைப் போட்டு ஒத்திகை பார்த்தோம். கயல் எதிரே மண்டியிட்டு இரண்டு காலையும் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். "அழுதாலும் விடக்கூடாது. பாவம்னு தோணும், விட்டுறாத." "சரி டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். நானும்தான். இவர் பலூனோடு வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மதியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போய்விட்டார். பயம்.

மார்ச் 9, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது, கை வலிக்கும் வரை எழுதுவேன்.

மொட்டைக்கு மதி அசையவே இல்லை. முடி விழுவதை வேடிக்கை பார்த்தது. "பெரியம்மாவுக்கும் மொட்ட போட்டாங்களா?" என்று கேட்டது. போட்டாங்க, அம்மாதான் போட்டுவிட்டா என்றேன். திருப்தியாகிவிட்டது. குளிப்பாட்டி, சந்தனம் பூசி, பாவாடை கட்டிக் கொண்டுவந்து என் இடது தொடையில் வைத்தார்கள்.

கனம். அரிசி மூட்டை எனக்கு எதையுமே சொல்லிக்கொடுக்கவில்லை. மூட்டை சூடாக இருக்காது, கழுத்தைக் கட்டாது, கம்மலைக் காட்டி இது என்னுதா என்று கேட்காது.

ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "தாய்மாமன் எங்கங்க? வந்து உக்காரச் சொல்லுங்க, நேரமாச்சு."

"உக்காந்துதான் இருக்காங்க" என்றாள் கயல்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு முணுமுணுப்பு. ஒரு பெரியவர் முறைக்கு ஒரு ஆம்பளை தொட்டுக்கிட்டாவது நிக்கட்டுமே என்றார். கயல் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பந்தலுக்குப் போய்விட்டார். ஆசாரி என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், "யாரு மடியா இருந்தா என்னா, கெட்டியாப் பிடிங்கம்மா" என்றார்.

முதல் காது. மதி போட்ட சத்தத்தில் மண்டபத்துப் புறாவெல்லாம் பறந்தது. உடம்பு வில்லாக வளைந்து எகிறியது. நான் தலையை இடது பக்கம் நெஞ்சோடு அணைத்தேன். கயல் காலை விடவில்லை. இரண்டாவது காதுக்கு ஒரு குதிகாலை எப்படியோ உருவிக்கொண்டது பிள்ளை. அந்த உதை வலது பக்கம் வருகிறது என்று எனக்குத் தெரிகிறது, நகர முடியவில்லை. கயல் முகத்தைக் குறுக்கே கொடுத்தாள். உதை அவள் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்போதும் மறு காலை விடவில்லை. ரத்தத்தைப் பார்த்த இவர் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவருக்கும் கயலுக்கும் சோடா வாங்கி வந்தார்கள்.

என் தொடையில் தூசி படவில்லை.

எல்லாம் முடிந்து கயல் பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். மதி வரவில்லை. புதுக்காது எங்கேயும் படக்கூடாது என்பதால் நெற்றியை நேராக என் நெஞ்சில், மார்பு இல்லாத பக்கத்தில், முட்டுக்கொடுத்துக்கொண்டு தேம்பியது. அங்கே தட்டையாக இருப்பதால் தலை வழுக்காமல் நின்றது. ஆறு வருஷமாக அந்தப் பக்கத்தைத் துண்டு மடித்துச் சமாளித்து வந்திருக்கிறேன், இன்றைக்கு அவசரத்தில் வைக்க மறந்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று. பிள்ளை அப்படியே தூங்கிவிட்டது. இலை போட்டுக் கூப்பிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை. இவர் இலையை நாற்காலிக்கே கொண்டுவந்து ஊட்டிவிட்டார், ஊர் பார்க்க. எனக்கு வெட்கமாக இல்லை.

மார்ச் 10, திங்கள்

வலி: முதுகு, சுமாராக. தொடை, இல்லை. கரண்டு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

கயல் வீங்கின உதட்டோடு பேசினாள். காது பழுக்கவில்லை, தேங்காயெண்ணெய் போட்டேன் என்றாள். பிறகு சாதாரணமாக, மளிகைச் சாமான் சொல்வதுபோல, "அடுத்து மதி பெரிய மனுசியாகுறப்பவும் நீதாங்க்கா தாய்மாமன். பச்ச ஓல நீதான் கொண்டாந்து குடிச கட்டணும். கதிரேசன் அண்ணனெல்லாம் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

என்னால் ஓலை வெட்ட முடியாது. இவர் வெட்டட்டும், நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன்.

இவர் பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். பிரஷை எடுத்துவிட்டு, "அதுக்குப் பத்து வருஷமாச்சும் ஆகுமே கோதை" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து அப்படியே நின்றார். 

"ஆகட்டும்" என்றேன்.